பதினோரு மாதம் ஓடிய மீட்டர்

பாக்கி இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது.

மாதம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு வீதம் பதினான்கு மாத வாடகை. அதற்கு மேல் தாமதக் கட்டணம் ஆயிரத்து நானூற்று அறுபது. வசூல் மேலாளர் அந்தத் தாளைத் திருப்பி மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். அறை குளிர்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரே குரலில் முனகிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆளைப் பிடிச்சாகணும். இல்லன்னா அவர் வாடகைக்கு எடுத்த சர்வரைத் துடைச்சிடுவோம்."

"துணி வெச்சா சார்?" என்றான் பாரம்.

மேலாளர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மீட்டரக்கா தாளை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் கணக்கு எழுதியவர். முழங்கால் போன பிறகு, கடனை வைத்துவிட்டு மறைந்தவர்களைத் தேடிக் கொடுப்பது தொழிலாகிவிட்டது. பாரம் அவருடைய உதவியாள். லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய காலத்தில் வந்த பட்டப்பெயர். மூட்டையை இறக்கி வைத்து ஆறு வருடமாகியும் பெயரை இறக்கி வைக்க முடியவில்லை.

"ஆள் என்ன பண்றாரு?" என்றார் மீட்டரக்கா.

"கூடுன்னு ஒரு லினக்ஸ் இருக்கு. கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துற அடிப்படை சாஃப்ட்வேர். காசு வாங்காம பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து செஞ்சு, யார் வேணா எடுத்துக்கலாம்னு விட்டிருக்காங்க. ஸ்கூல், லைப்ரரி, சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் அதுலதான் ஓடுது. இவர்தான் அதுல முக்கியமான ஆள். நெட்ல இவருக்குப் பேரு கொத்தனார். அந்தக் கூட்டத்துக்கு சங்கம் கிடையாது, பதிவு கிடையாது. அதனால வாடகை ஒப்பந்தம் இவர் சொந்தப் பேர்ல இருக்கு. பத்தொன்பது நாளா மெயிலுக்குப் பதில் இல்ல."

"இதுக்கு முன்னாடி அனுப்பின நோட்டீஸ் எல்லாம் காட்டுங்க."

மேலாளர் ஒரே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தேதி, ஒன்பது நாளைக்கு முன்னால்.

"பதினாலு மாசத்துக்கு ஒரே நோட்டீஸா சார்?"

"பெரிய மனசு பண்ணி விட்டுவெச்சோம்." மேலாளர் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "ஆளைப் பாத்ததும் இதுல கையெழுத்து வாங்கிடுங்க. நீங்க பிரிக்க வேண்டாம். வசூல்ல நூத்துக்குப் பத்து உங்களுக்கு."

லிஃப்டில் இறங்கும்போது பாரம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, அந்தக் குளிர்ல எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. அவருக்கு நெத்தியில வேர்வை."

"பாத்தேன். கடன் குடுத்தவன் கோவமா இருப்பான். இவரு பயந்துபோயிருக்காரு."

*

ஒப்பந்தத்தின் கடைசி வரியில் அவசரத்துக்கு என்று ஒரு போன் நம்பர் இருந்தது. அது ஒரு மருந்துக்கடையில் போய் நின்றது.

கடையை நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். ஒரு கையால் மாத்திரை எண்ணிக்கொண்டே மறுகையால் மெயில் பார்த்தார். கூடு செய்கிற பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். கடையைச் சாத்திய பிறகு மொழிபெயர்ப்பு, சோதனை.

"நீங்க கொத்தனாரைக் கடைசியா எப்பம்மா பாத்தீங்க?"

"பாத்ததே இல்லைங்க."

"ஒரே ஊருல இருந்துக்கிட்டா?"

"எட்டு வருஷமா தினம் எழுதிக்குவோம். வேலையைப் பத்தி. இப்பக் கொஞ்ச காலமா அவர்கிட்ட இருந்து ஒத்த வரிப் பதில்தான். நேர்ல பாக்கணும்னு தோணினதில்ல." அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவே கொஞ்சம் திகைத்த மாதிரி மாத்திரை எண்ணுவதை நிறுத்தினார். "செவ்வாய்க்கெழமை தவறாம அப்டேட் வந்துரும். வந்தா அவர் நல்லா இருக்காருன்னு அர்த்தம். மூணு செவ்வாயா வரல. பத்தொன்பது நாளா பதிலும் இல்ல. அவருக்கு என்னவோ ஆயிடுச்சு. உயிரோட இருக்காரான்னே தெரியல."

"வேற யாராச்சும் அந்த அப்டேட்டை அனுப்பக் கூடாதா?" என்றான் பாரம்.

"முடியாது. அவரோட கையொப்பச் சாவி போட்டு வந்தாத்தான் கம்ப்யூட்டருங்க ஏத்துக்கும். கண்ட பய எதையாவது திணிச்சிடக் கூடாதுன்னு வெச்ச பூட்டு. சாவி அவர் ஒருத்தர்கிட்ட மட்டும்தான். இப்ப பன்னெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்கோம். வெளியில இருந்து யார் வேணா உள்ள பூந்துரலாம். ஆஸ்பத்திரி சீட்டு, ஸ்கூல் பிள்ளைங்க விவரம் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போகலாம். ஒட்டுப்போட மருந்து தயாரா இருக்கு. போட ஆள் இல்ல."

"ஓட்டை எப்ப விழுந்துச்சு?"

"ஏழு வாரத்துக்கு முன்னாடி வந்த அப்டேட்டுல. புதுசா வந்த ஒரு ஆள் அனுப்பின மாத்தத்துல இருந்துச்சு. கொத்தனார் கண்ணுல இருந்து அது எப்படித் தப்பிச்சுதுன்னு எங்க யாருக்கும் புரியல. ஒரு காற்புள்ளி தப்பா இருந்தாக்கூடத் திருப்பி அனுப்புவாரு மனுஷன்."

அம்மா பழைய அப்டேட்டுகளின் பட்டியலைக் காட்டினார். மீட்டரக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தேதியை விட்டுவிட்டு மணியை மட்டும் படித்தார். போன வருடம் வரை அப்டேட் போன நேரம் பதினொன்று முப்பத்தெட்டு, ஒன்பது ஐந்து, இரண்டு இருபது என்று கன்னாபின்னாவென்று இருந்தது. பிறகு எல்லாச் செவ்வாயும் நான்கு பத்து. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை.

"ஒழுங்கான மனுஷன்," என்றான் பாரம்.

"மனுஷன் இவ்வளவு ஒழுங்கா இருக்க மாட்டான்," என்றார் மீட்டரக்கா. பிறகு மெயில் பெட்டியைப் பார்த்தார். எட்டு நாட்டிலிருந்து அன்றைக்கு மட்டும் முன்னூற்று நாற்பது மெயில். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. எப்போது சரியாகும். "இதுல பதினோரு மெயில் ஒரே இடத்துல இருந்து வந்திருக்கே, யாரும்மா?"

"ஏதோ ஒரு கம்பெனியோட சர்வர் ரூம். மணிக்கு ஒண்ணு அனுப்புவாங்க."

மீட்டரக்கா அந்த முகவரியைத் தன் பழைய மீட்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

*

ஒப்பந்தத்தில் இருந்த விலாசம் இரண்டு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம். கீழே கொத்தனாரின் தங்கை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மடியிலும் தரையிலும் நீலத் துணி. மேலே அவருடைய அறை.

"அண்ணன் மேலதான் இருக்காரு. யாரையும் பாக்க மாட்டாரு," என்றாள் தங்கை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீட்டரக்கா வாதாடவில்லை. மாடிப்படிக்குக் கீழே இரண்டு மீட்டர் பெட்டிகள் இருந்தன. மேல் அறைக்கு உரிய பெட்டியில் அட்டை ஒன்று தொங்கியது. மாதாமாதம் யூனிட் எழுதுகிற அட்டை. பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி அதைக் கையில் எடுத்தார்.

எழுபத்தொன்று. தொண்ணூற்றாறு. எண்பத்தெட்டு. அறுபத்து நான்கு. பிறகு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. அதே மாதிரி பதினோரு வரி.

"பாரம், இங்க வா. இதைப் பாத்தா என்ன தோணுது?"

"பாஸ் மார்க்."

"மனுஷன் குடியிருக்கிற ரூம்ல வெயில் காலத்துல ஃபேன் சுத்தும், யூனிட் ஏறும். ஊருக்குப் போனா இறங்கும். காய்ச்சல்ல படுத்தாக்கூட மீட்டருக்குத் தெரியும். இங்க கோடை, மழை, குளிர் எல்லாம் நாப்பத்து மூணுதான். நாப்பத்து நாலு வந்தா அது முப்பத்தொரு நாள் மாசம். இந்த ரூம்ல பதினோரு மாசமா மனுஷன் யாரும் இல்ல. ஒரே ஒரு மெஷின் மட்டும் ராப்பகலா ஓடியிருக்கு." அவர் மீட்டரின் முகத்தைத் துடைத்துப் பார்த்தார். "இப்ப அதுவும் ஓடல."

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"தங்கச்சி, சுவிட்சை எப்பம்மா நிறுத்தின?"

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பத்தொன்பது இருபது நாள் ஆச்சு. சீருடை கொண்டுபோனவங்க பணம் தரல. ரெண்டு பில் கட்ட முடியல. மேல ஆள் இல்லாம எதுக்கு ஓடுதுன்னு மெயினை இறக்கிட்டேன். தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. எதுக்குன்னு சொல்லல."

"எட்டு நாட்டுல ஆளுங்க தூங்காம கெடக்காங்கம்மா," என்றான் பாரம். "நீ இறக்கினது ஒரு சுவிட்சு."

அவள் எழுந்து நின்றாள். "நான் என்னங்க பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல," என்றார் மீட்டரக்கா. "காணாமப் போனது பத்தொன்பது நாளைக்கு முன்னாடி இல்ல. அன்னைக்கு நின்னது மெஷின். ஆள் காணாமப் போயி பதினோரு மாசம் ஆச்சு. அதை யாரும் கவனிக்கல."

மேலே போய்ப் பார்த்தார்கள். சுருட்டிய பாய். நாற்காலியில் தூசி, உட்கார்ந்த தடம் இல்லை. மூலையில் செங்கல் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். தங்கை மெயினை ஏற்றினாள். அது விழித்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்டு அண்ணன் மண்டைக்குள்ள இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை வருவாரு, கையில இருக்கிறதைக் குடுப்பாரு, போயிருவாரு. எங்க வேலை, எங்க படுக்கைன்னு கேட்டா சிரிப்பாரு. இந்தச் சட்டையைக்கூடத் தெச்சு வைன்னு குடுத்துட்டுப் போனாரு."

பாரம் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் விரித்தான். வலது தோளில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி நைந்திருந்தது. முகர்ந்து பார்த்தான்.

"மூட்டைன்னா முதுகும் சேர்ந்து தேயும் அக்கா. இது தோள் மட்டும். நீளமா ஏதோ தூக்குறாரு. இரும்பா இருந்தா துரு இருக்கும். இதுல மரப்பிசின் வாசனை. பலகை. ஊர்ல மர டிப்போ மூணு. நாப்பது தாண்டினவனைச் சேக்கறது தண்டவாளத்துக்குப் பக்கத்துல இருக்கிறது மட்டும்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைச் சேத்தாங்க. ஒரே வாரத்துல பழுதுன்னு திருப்பிட்டாங்க."

*

வெள்ளி காலை எட்டரை. மர டிப்போவில் லாரி ஒன்று நின்றது. பதினாறு அடிப் பலகைகளை இரண்டிரண்டு பேராகச் சுமந்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மெலிந்த ஒரு மனிதர் மட்டும் ஒவ்வொரு பலகையையும் வைத்துவிட்டு, ஓரம் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அதோ நம்ம காற்புள்ளிக்காரர்," என்றார் மீட்டரக்கா.

வேலையை நிறுத்த மேஸ்திரி விடவில்லை. "பேசணும்னா பேசிக்க. லோடு நிக்கக் கூடாது." பாரம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பலகையின் மறுமுனையைப் பிடித்தான். மீட்டரக்கா ஒரு மரத்துண்டில் உட்கார்ந்தார். அவர்கள் பலகையோடு போய் வெறுங்கையோடு திரும்புகிற நேரத்தில் பேச்சு நடந்தது.

"பணத்துக்காகத் தேடி வந்தீங்களா?" என்றார் கொத்தனார்.

"பணம்னுதான் சொல்லி அனுப்பினாங்க."

"என்கிட்ட இல்லைங்க. பல வருஷம் அந்த வாடகையை என் சம்பளத்துல கட்டினேன். வேலை பாத்த ஆபீஸை மூடிட்டாங்க. நன்கொடை வருஷத்துக்கு ஒன்பதாயிரம் வரும். அதுல பாதியை ஒரே ஆள் குடுத்துக்கிட்டு இருந்தாரு. அவரும் செத்துப்போயிட்டாரு."

அடுத்த நடை.

"கூட இருந்தவங்ககிட்ட முடியலன்னு சொல்லலையா?"

"சொன்னேனே. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் என்ன மாத்தினோம்னு ஒரு பதிவு எழுதணும். அது எங்க வழக்கம். அதுல ஏழாவது வரியா எழுதினேன். என்னால இதுக்கு மேல முடியல, யாராவது வாங்கிக்கங்கன்னு. ஆறு வாரம் காத்திருந்தேன்."

"யாருமே பதில் போடலையா?"

"ஒருத்தர் போட்டாரு. அவரோட பிரிண்டர் ஓடலையாம்."

பாரம் சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை. "தனியா ஒரு மெயில் தட்டியிருக்கலாமே அண்ணே. அட, போன் பண்ணியிருக்கலாம்."

"எங்களுக்கு அந்தப் பேச்சு வராது தம்பி. என்ன நடந்தாலும் பதிவுல எழுதித்தான் பழக்கம். எழுதிட்டா சொல்லியாச்சுன்னு நெனச்சுக்குவோம்." பலகையை இறக்கி ஓரத்தைத் தட்டி நேராக்கினார். "அப்புறம் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வெச்சேன். மத்தவங்க அனுப்புற மாத்தத்தை அதுவே வாங்கும், சோதிக்கும், என் சாவியால கையொப்பம் போட்டு செவ்வாய் நாலு பத்துக்கு அனுப்பும். மெயில் வந்தா பாத்துட்டேன்னு ஒத்த வரிப் பதிலும் போடும். ரெண்டு வாரத்துல கண்டுபிடிச்சுத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். யாரும் கண்டுபிடிக்கல. நல்லாப் போகுதுன்னு பாராட்டினாங்க."

மீட்டரக்கா உறையை நீட்டினார். அவர் பிரித்துப் படித்தார். கூடு என்ற பெயரும் கையொப்பச் சாவியும் கம்பெனிக்குச் சொந்தம். பதிலுக்கு இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபதும் ரத்து.

"பேனா இருக்கா?" என்றார் கொத்தனார்.

பாரம் பலகையோடு நின்றுவிட்டான். "அண்ணே, யோசிச்சு..."

"பதினோரு மாசம் யோசிச்சாச்சு. எடுத்துக்கட்டும். எனக்குத் தூங்கணும்."

மீட்டரக்கா பேனாவை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. "கையெழுத்து உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கங்க. பதினாலு மாசம் சும்மா இருந்த கம்பெனி, ஒன்பது நாளைக்கு முன்னாடிதான் முதல் நோட்டீஸ் அனுப்பியிருக்கு. ஏன்னா அவங்க சர்வரும் கூடுலதான் ஓடுது. ஓட்டை எப்ப அடைபடும்னு மணிக்கொரு மெயில் போடறது அவங்க சர்வர் ரூம். நோட்டீஸ்ல இருக்கிற அதே முகவரி. தேடினது கடன்காரனை இல்ல. உங்க சாவியை."

"என்ன ஓட்டை?"

அவருக்குத் தெரியாது. வேலையும் படுக்கையும் டிப்போவிலேயே; அங்கே எந்தச் செய்தியும் வருவதில்லை. மீட்டரக்கா மருந்துக்கடையில் கேட்டதை அப்படியே சொன்னார். ஏழு வாரத்துக்கு முன்னால் புது ஆள் அனுப்பியது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். கொத்தனார் விரல்விட்டு எண்ணினார். அந்தச் செவ்வாய் எது என்று கண்டுபிடித்ததும் தோளிலிருந்த துண்டு நழுவியது.

"அன்னைக்கு ஜன்னல் சட்டம் ரெண்டு லாரி இறக்கினோம்," என்றார் மெதுவாக. "நாலு பத்துக்கு நான் இங்க நிக்கிறேன். அங்க என் பேர்ல கையெழுத்து விழுந்திருக்கு. நான் பாத்திருந்தா..."

கையெழுத்துப் போடாத பத்திரத்தை மடித்து மீட்டரக்காவிடம் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரியின் சட்டம் ஒன்றுதான். பாதி லோடில் போகிறவன் தன் முனையைப் பிடிக்க ஒரு ஆளை நிறுத்திவிட்டுப் போகவேண்டும்.

எல்லாரும் பாரத்தைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? எனக்கு டாக்டர் சீட்டு இருக்கு," என்றான். பிறகு துண்டை இன்னொரு மடிப்பு மடித்தான். "அக்கா, சாயங்காலம் நான் வரலன்னா ஆம்புலன்ஸுக்கு இந்த விலாசத்தைச் சொல்லுங்க."

*

மாடி அறைக்கு மருந்துக்கடை அம்மாவும் வந்திருந்தார். எட்டு வருடம் எழுதிப் பழகியவர்கள் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க இவ்வளவு ஒல்லியா இருப்பீங்கன்னு நெனக்கல," என்றார் அம்மா.

"இப்பத்தான்," என்றார் அவர்.

பாஸ்வேர்டைப் போட்டார். விரல்களில் காய்ப்பு. இரண்டு தடவை தப்பாக விழுந்து மூன்றாம் தடவை திறந்தது. ஓட்டையை அடைக்கும் மாற்றம் இருநூற்றுப் பத்து வரி. ஒவ்வொரு வரியாகப் படித்தார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றாள்.

மீட்டரக்கா கேட்டார். "இப்ப அனுப்பிட்டா கம்பெனிக்கு உங்க தேவை முடிஞ்சிரும். அதுக்கப்புறம் கடனைப் பத்திப் பேச உங்க கையில எதுவும் இருக்காது. மொதல்ல பேசிட்டு அப்புறம் அனுப்பலாம். ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"ஆஸ்பத்திரி கதவு இப்பத் திறந்து கெடக்குங்க," என்றார் கொத்தனார். நூற்று எழுபதாவது வரியில் ஒரு திருத்தம் செய்தார். ஒன்று நாற்பத்தாறுக்குக் கையொப்பம் போட்டு அனுப்பினார்.

அம்மா பின்னால் நின்றபடி அந்தப் பழைய பதிவைத் திரையில் தேடி எடுத்திருந்தார். ஏழாவது வரி. அதன்மேல் விரலை வைத்தார்.

"வாராவாரம் இதைத் திறப்பேன். என் பேரைச் சரியாப் போட்டிருக்காங்களான்னு பாத்துட்டு மூடிடுவேன்."

"எல்லாரும் அதான் செய்வோம்," என்றார் அவர். "நானும்தான்."

அவர் அன்றைக்கே சாவியை மூன்றாகப் பிரித்தார். ஏதாவது இரண்டு சேர்ந்தால்தான் கையொப்பம் விழும். ஒன்று அம்மாவுக்கு. ஒன்று பன்னிரண்டு பேரில் ஒருவரான, வெளிநாட்டில் இருக்கும் ரயில்வே குமாஸ்தாவுக்கு; போனில் எழுப்பி ஏழாவது வரியைச் சொல்லிக் கேட்டபோது அழுதுவிட்டுச் சரி என்றார். மூன்றாவது கொஞ்ச நாளைக்கு அவரிடமே இருக்கும்.

*

ஐந்தரை மணிக்கு அதே குளிர்ந்த அறை. பாரம் நொண்டிக்கொண்டு வந்து கடைசியாக உட்கார்ந்தான். வலது தோள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

மேலாளருக்கு இப்போது வேர்க்கவில்லை. ஓட்டை அடைபட்ட செய்தி அவருக்கு வந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம். இப்ப கணக்கை முடிச்சுக்கலாம். ஒண்ணு பணம். இல்லன்னா பத்திரத்துல கையெழுத்து. ரெண்டும் இல்லன்னா ஆறு மணிக்கு சர்வரைத் துடைக்கிறோம். உங்க கூடு முழுக்க அதுலதான் இருக்கு."

மருந்துக்கடை அம்மாவின் விரல்கள் கைப்பையை இறுக்கின. எட்டு வருடத்து வேலை இன்னும் அரைமணி நேரத்தில்.

"மூணு சாவியில என்னோடது ஒண்ணு. அதை எடுத்துக்கங்க சார்," என்றார் கொத்தனார். "நெஜமாத்தான் சொல்றேன். இவங்களும் தருவாங்க. ரெண்டு கெடைச்சாப் போதும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அடுத்த செவ்வாய் வேலையை யார் பாப்பா?"

"எங்க டீம் பாக்கும்."

"அவங்களைக் கேட்டுட்டீங்களா?"

மேலாளர் அலட்சியமாக ஸ்பீக்கரைத் தட்டி சர்வர் ரூமைக் கூப்பிட்டார். "கூடு அப்டேட் வேலையை அடுத்த வாரத்துல இருந்து நம்ம ஆளுங்களே பாத்துக்கலாம் இல்ல?"

அந்தப் பக்கம் ஒரு இன்ஜினியரின் குரல். "சார், நம்ம அறுநூறு சர்வரும் அதுலதான் ஓடுது. ஆனா அதை எப்படிச் செய்யறதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. அவர்தான் பாத்துக்கறாரேன்னு இருந்துட்டோம். வேற சிஸ்டத்துக்கு மாறணும்னா ஒரு வருஷம் ஆகும். அவர் கெடைச்சிட்டாரா சார்? கெடைச்சா ஒரு நன்றி சொல்லிடுங்க."

மேலாளர் ஸ்பீக்கரை அணைத்தார்.

"சர்வரைத் துடைச்சா எங்க வேலை போகும்," என்றார் கொத்தனார். "கூடவே உங்க அறுநூறுக்கும் அடுத்த அப்டேட் வராது. நான் மிரட்டல. துடைச்சா அதுதான் நடக்கும். நான் மூணு மாசம் ஞாயித்துக்கெழமை வந்து சொல்லித்தரேன். இவங்களுக்கும், உங்க ஆளுங்க ரெண்டு பேருக்கும். அந்த ரெண்டு பேருக்கும் சம்பளம் நீங்க குடுக்கணும். பாக்கியைத் தள்ளுபடி பண்ணி, சர்வரையும் ஓட விடணும். சாவி உங்களுக்குச் சொந்தமா வேண்டாம், வேலை உங்களுதும் ஆகட்டும். மூணு மாசம் முடிஞ்சா நான் போயிருவேன்."

மேலாளர் எழுந்து வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரிடமோ போனில் பேசுவது தெரிந்தது. கை முதலில் ஓங்கியது, பிறகு நெற்றிக்குப் போனது, பிறகு தொங்கியது.

"அக்கா," என்றான் பாரம், "வசூல் பூஜ்யமா இருந்தா நூத்துக்குப் பத்து எவ்வளவு?"

"பேசாம உக்காரு."

"இல்ல, தைலம் வாங்கணும். அதான் கேட்டேன்."

"கடையில வந்து வாங்கிக்கங்க," என்றார் மருந்துக்கடை அம்மா. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

மேலாளர் ஒரு படிவத்தோடு திரும்பினார். ஐந்து ஐம்பது. பத்திரத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தள்ளுபடிப் படிவத்தில் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் நிரப்பினார். கீழே காரணம் என்று ஒரு இடம். மூன்று கட்டங்கள். கடனாளி இறந்துவிட்டார். கடனாளியின் நிறுவனம் மூடப்பட்டது. கடனாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேனா அந்தரத்தில் நின்றது.

"இதுல எதைப் போடறது? ஏதாவது ஒண்ணுல டிக் இருந்தாத்தான் ஆபீஸ்ல ஏத்துக்குவாங்க. மத்தவைன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கணும்."

மீட்டரக்கா தன் நோட்டை மூடிக் கைப்பையில் வைத்தார்.

கொத்தனார் எட்டிப் படிவத்தைப் படித்தார். ஓரம் கோணலாக இருந்த காகிதத்தை மேசை விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"மூணாவதுல போடுங்க சார்," என்றார். "பதினோரு மாசத்துக்கு அதுதான் சரி."

மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரை ஒருதரம் பார்த்தார். பிறகு மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்து, முத்திரை குத்தினார்.